‘எனி டிகிரி’ எங்கே கொண்டுபோய் விடுகிறது?

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை... பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே தவிக்கும் தலைமுறை

காலை ஏழே கால். செங்கல்பட்டில் கிளம்பிய மின்சார ரயில் பரனூரில் நின்றதும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு கூட்டம் இறங்குகிறது. ஸ்டேஷனைத் தாண்டினால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அடுத்து சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர். இங்கே இறங்குகிறவர்கள் கம்பெனிச் சட்டைக்காரர்கள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். காட்டாங்கொளத்தூரும் பொத்தேரியும் வந்ததும் கல்லூரி மாணவர்கள் இறங்கிவிட, பெட்டியில் நிற்க இடம் கிடைக்கிறது. செங்கல்பட்டிலிருந்து பொத்தேரி ஐந்தாவது ஸ்டேஷன். வேலை பார்ப்பவர்களும் வேலைக்காகப் படிப்பவர்களும் அந்த ஐந்து ஸ்டேஷன் தூரத்தை ஒரே பெட்டியில் தோள் உரச நின்று கடக்கிறார்கள்.

இவர்களோடு வேறொரு கூட்டமும் உண்டு. இவர்கள் கழுத்தில் அட்டை கிடையாது, கையில் பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதற்குள் பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட்டுகள், புரவிஷனல் சர்டிஃபிகேட், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். மறைமலை நகரில் இறங்கி, மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படித்துக்கொண்டே நடப்பார்கள். ‘ஆட்கள் தேவை’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே பத்தாவது, பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, எனி டிகிரி என எல்லாம் ஒரே வரியில். பஸ் உண்டு, கேன்டீன் உண்டு. சம்பளம் அத்தனை பேருக்கும் ஒன்று.

பத்தாவதோடு நின்றவருக்கும், அதன் பிறகு ஐந்தாறு வருடம் படித்து, அதற்காக அம்மாவின் தாலிச் செயினை அடகு வைத்த பட்டதாரிக்கும் அந்த நோட்டீஸ் ஒரே விலையைச் சொல்கிறது. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இன்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. டிகிரி படித்து என்ன பிரயோஜனம்?

படித்தவருக்குத்தான் வேலை இல்லையா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை எல்லோரையும் உலுக்கியது. 2022 நிலவரப்படி, இந்தியாவில் பட்டம் பெற்ற இளைஞர்களில் 29.1 சதவிகிதம் பேருக்கு வேலை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் அது 3.4 சதவிகிதம்தான்.

இந்த இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்து, ‘படிக்காதவனே பிழைத்துக்கொள்கிறான்’ என்று முடிவுகட்டும் வீடியோக்கள் மொபைல்களில் சுற்றுகின்றன. அது தவறான முடிவு. படிப்பே இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளையால் ஒரு நாள்கூட வேலை இல்லாமல் உட்கார முடியாது. சித்தாள் வேலையோ, மூட்டை தூக்குவதோ, கிடைத்ததைச் செய்தால்தான் அன்று அடுப்பு எரியும். அவர் ‘வேலையில் இருப்பவர்’ கணக்கில் வந்துவிடுகிறார். பட்டதாரி காத்திருக்கிறார். காத்திருக்க வீட்டில் கொஞ்சம் சோறாவது இருக்கிறது, எதிர்பார்ப்பும் இருக்கிறது.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் காத்திருப்பின் நீளத்தைக் காட்டுகிறது. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் 42 சதவிகிதத்துக்கு மேல் வேலையில்லாதவர்கள். 35 வயதைத் தாண்டியவர்களில் அது 5 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆக, வேலை ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது. ஆனால் 21 வயதில் கல்லூரியை விட்டு வெளியே வந்தவர் 28, 30 வயதுவரை எங்கே நிற்கிறார், கடைசியில் எந்த வேலையில் போய் உட்கார்கிறார் என்பதுதான் உண்மையான பிரச்னை. செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்த ஏழெட்டு வருடங்கள் எப்படிக் கழிகின்றன என்று பார்ப்போம்.

[பெட்டி]
எண்கள் பேசுகின்றன

● தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 47 சதவிகிதம். அகில இந்திய அளவு 28.4 சதவிகிதம் (மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு, 2021-22).
● 15 முதல் 29 வயது வரையிலான இந்திய இளைஞர்களில் வேலையின்மை 10.2 சதவிகிதம் (மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு, 2023-24).
● காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது 29 நவம்பர் 2019.
● தொழில் பழகுநர் விதிகளில் 2019-ல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாத உதவித்தொகை பட்டதாரிக்கு ரூ.9,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000.
[பெட்டி முடிந்தது]

பி.இ. என்று சொல்லாதே!

ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கம்பெனிகள். மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் பி.எம்.டபிள்யூ கார் தயாராகிறது, இன்ஃபோசிஸ் வளாகம் இருக்கிறது. மேற்கே போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். வாசலிலேயே இத்தனை தொழிற்சாலை இருந்தும் மெக்கானிக்கல் படித்த பையன் சும்மா இருக்கிறான் என்றால், மதுராந்தகத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ இருக்கும் அவன் அப்பாவால் நம்ப முடியாது.

உற்பத்தி வரிசையில் நிற்க கம்பெனிகள் தேடுவது பி.இ. படித்தவர்களை இல்லை. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களையே அங்கே எடுப்பார்கள். பி.இ. படித்தவர் ஆறே மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார், இருந்தாலும் இன்ஜினீயர் பதவி கேட்பார் என்பது அவர்கள் கணக்கு. அதனால் பி.இ. முடித்ததை மறைத்து, பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் காட்டிச் சேருகிறவர்கள் உண்டு. நான்கு வருடம் கடன் வாங்கிப் படித்ததை இன்டர்வியூவில் வாயைத் திறந்து சொல்ல முடியாத நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளியிருக்கிறோம். இதைவிட அவமானம் நம் கல்வி முறைக்கு வேண்டியதில்லை.

சேர்ந்த பிறகும் நிம்மதி கிடையாது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ‘அப்ரன்டிஸ்’ என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி ஆகமாட்டார். இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடையே உள்ள சந்தில்தான் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் இருபதுகள் கரைகின்றன. ஒரு கம்பெனியில் டிரெய்னி, காலம் முடிந்ததும் அடுத்த கம்பெனியில் டிரெய்னி, அதன் பிறகு கான்ட்ராக்ட். மூன்று இடத்தில் வேலை பார்த்திருப்பார், எதிலும் சர்வீஸ் சேர்ந்திருக்காது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் ‘பர்மனென்ட்டா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் 30-ஐத் தொட்டவர்கள் இந்த மாவட்டத்தின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

ஃபோர்டு சொன்ன பாடம்

நிரந்தர வேலையில் இருந்தவர்கள் கதை? மறைமலை நகர் ஃபோர்டு ஆலை இந்த வட்டாரத்தின் பெருமையாக இருந்தது. அங்கே நிரந்தரத் தொழிலாளி என்றால் பேங்கில் மறுபேச்சில்லாமல் வீட்டுக்கடன் கிடைக்கும். 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி கார் வெளியே வந்தது. சுமார் 2,600 தொழிலாளர்களின் வேலை போயிற்று. இழப்பீட்டுக்காக அவர்கள் ஆலைக்குள்ளேயே போராட வேண்டியிருந்தது.

அதே ஃபோர்டு நிறுவனம் தமிழ்நாட்டில் மூடாமல் வைத்திருந்த இன்னொரு பகுதி உண்டு. சோழிங்கநல்லூரிலும் சுற்றிலும் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்து, உலகெங்கும் உள்ள ஃபோர்டுக்கு மென்பொருள், வடிவமைப்பு, கணக்கு வேலைகளைச் செய்யும் பகுதி அது. 2024 செப்டம்பரில் நிறுவனம் தந்த கணக்குப்படி அங்கே சுமார் 12,000 பேர். கைவேலை செய்த 2,600 பேர் வெளியே போக, பட்டம் படித்த 12,000 பேர் உள்ளேயே இருந்தார்கள். ‘டிகிரிக்கு மதிப்பே இல்லை’ என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு நிறுவனத்தின் இரண்டு வாசல்களையும் பார்க்க வேண்டும். மறைமலை நகர் ஆலைக்குத் திரும்பி வந்து, 2029 முதல் இன்ஜின் தயாரிக்கப்போவதாக 2025 அக்டோபரில் ஃபோர்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. முதலீடு 3,250 கோடி ரூபாய். நேரடி வேலை சுமார் 600 பேருக்கு. முதலீட்டுக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். புதிய ஆலைகளுக்கு நிறைய பணம் வருகிறது. ஆட்கள் குறைவாகத்தான் தேவைப்படுகிறார்கள். தேவைப்படுகிறவர்களுக்கும் ரோபோவை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுசேரியில் அடித்தட்டு சம்பளம்

பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. சாலையானபோது, ‘பி.இ. முடித்தால் போதும், கம்ப்யூட்டர் கம்பெனி எடுத்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கையோடு ஒரு தலைமுறையே பொறியியலுக்குப் போனது. 2010-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. பின்னர் பல மூடப்பட்டன.

புதிதாகச் சேருகிறவருக்குப் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கொடுக்கும் ஆண்டுச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்திலேயே நிற்கிறது. இதற்கிடையே நாவலூரிலும் கேளம்பாக்கத்திலும் வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அங்கே ஒரு ரூமில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும். 2024 ஆகஸ்ட்டில் காக்னிசன்ட் நிறுவனம் மூன்று வருடப் பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் தருவதாக அறிவித்தது பெரிய சர்ச்சையானது. பொறியியல் பட்டதாரிகளுக்கு நான்கு லட்சத்திலிருந்து தொடங்குகிறது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவருக்கு மாதம் 21,000 ரூபாய் என்பது அந்த விளக்கத்தாலும் மாறவில்லை. அடுத்த வருடமே, சிறுசேரியில் மிகப்பெரிய வளாகம் வைத்திருக்கும் டி.சி.எஸ்., உலக அளவில் சுமார் 12,000 பேரை அனுப்பப்போவதாக அறிவித்தது.

இத்தனைக்குப் பிறகும் ஐ.டி. வாசலைத் திறக்கும் சாவி பட்டம்தான். அது இல்லாதவரின் விண்ணப்பத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே போன பிறகு அந்தக் காகிதம் எதற்கும் உதவாது. கோடிங் தெரியுமா, இங்கிலீஷில் நான்கு பேர் முன்னால் பேச வருமா என்றுதான் பார்க்கிறார்கள். இந்த இரண்டையும் எந்தக் கல்லூரி சொல்லிக்கொடுக்கிறது? அரசு 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியதே கல்லூரிகள் இதைச் செய்யவில்லை என்பதால்தான். பட்டம் கொடுக்கும் கல்லூரி ஒரு பக்கம், வேலைக்குத் தயார்செய்யும் திட்டம் இன்னொரு பக்கம் என்றால், அந்தக் கல்லூரி வாங்கும் ஃபீஸ் எதற்கு?

பத்தாவது தேர்வு எழுதும் எம்.ஏ.க்கள்

கம்பெனியும் சரிப்படவில்லை, ஐ.டி.யும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வழி அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு. செங்கல்பட்டு நூலகத்தில் நோட்டும் பாடப்புத்தகமுமாகக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான சமச்சீர் புத்தகங்களை வரி வரியாக அடிக்கோடிட்டு வைத்திருப்பார்கள். பலர் முதுகலை முடித்தவர்கள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் பதவிகளுக்கான அந்தத் தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு.

2022-ல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025 ஜூலையில் நடந்த தேர்வில் 3,935 இடங்களுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்க, ஒருவர் உள்ளே போகிறார். பத்தாவது மட்டும் படித்தவருக்காக ஒதுக்கிய வேலைக்குப் பட்டதாரிகள் மொய்க்கும்போது, பத்தாவது மட்டும் படித்தவர் அந்த வேலையைக் கனவில்கூட நினைக்க முடியாது.

இவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மூன்று ஷிஃப்ட், எப்போது வேலை போகுமோ என்ற பயம்; மறுபக்கம் சொந்த மாவட்டத்திலேயே நிரந்தர வேலை. யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள். தனியார் வேலையில் கொஞ்சம் மரியாதையும் நிச்சயமும் இருந்தால் இந்த வரிசை பாதியாகக் குறையும். ஆனால் மூன்றாவது முயற்சி, நான்காவது முயற்சி என்று போகும்போது, படித்த பாடத்தோடு தொடர்பே அறுந்துவிடுகிறது. 28 வயதில் வேதியியல் பட்டதாரி ஒரு லேப் வேலைக்குப் போனால், ‘ஆறு வருடம் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கிறார்கள்.

அரசு வேலையிலேயே சரியான பாதை ஒன்று இதே மாவட்டத்தில் கல்பாக்கத்தில் இருக்கிறது. அணுசக்தித் துறை, டிப்ளமோவும் பி.எஸ்சி.யும் முடித்தவர்களை முதல் பிரிவிலும், ஐ.டி.ஐ. முடித்தவர்களை இரண்டாம் பிரிவிலும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியில் சேர்த்து, தேறியவர்களை வேலையில் அமர்த்துகிறது. படித்த படிப்புக்கு அங்கே மதிப்பு உண்டு, பயிற்சிக்கு முடிவும் உண்டு. இடங்கள்தான் குறைவு, போட்டியோ நாடு முழுவதிலிருந்தும்.

உளியும் பட்டமும்

கிழக்கே திரும்பினால் மாமல்லபுரம். ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையிலும், ஊருக்குள் வரும் சாலைகளிலும் சிற்பப் பட்டறைகள். விடிந்ததும் உளிச் சத்தம் தொடங்கிவிடும். தகரக் கொட்டகையின் நிழலில் ஒரு சிற்பி கருங்கல் பாளத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கல்லின் மேல் காவிக் கோடுகள். உளியின் முனை மழுங்கினால் உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கிக்கொள்கிறார். அடுத்த கொட்டகையில் கிரைண்டர் கல்லை அறுக்க, வெள்ளைத் தூள் புகைபோல எழும்பி அவர் தலைமயிரிலும் இமையிலும் படிகிறது. துணியை மூக்கில் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான் பாதுகாப்பு. வருடக்கணக்கில் இந்தத் தூளைச் சுவாசித்தால் நுரையீரலில் சிலிகோசிஸ் வரும் அபாயம் இருக்கிறது.

இந்தக் கைகளுக்கு வேலை இருக்கிறது. கோயில் திருப்பணிகள், வீடுகள், ரிசார்ட்டுகள், வெளிநாட்டு ஆர்டர்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதைப் பார்த்துவிட்டு, ‘பேசாமல் தொழில் கற்றுக்கொண்டால் போதாதா, டிகிரி எதற்கு?’ என்று கேட்பது எளிது.

அந்தக் கேள்வியைத் தமிழ்நாடு ஒருமுறை கேட்டுப் பதிலும் சொல்லியிருக்கிறது. 1953-ல் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ‘குலக்கல்வி’ என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். எழுபது வருடம் கழித்து, மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்திலும் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இருப்பதாகச் சொல்லி தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. 18 வயதிலேயே தொழிலுக்கு இழுத்தால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகமாட்டார்கள் என்பது அரசின் வாதம். அதற்குப் பதிலாகக் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ 2025-ல் வந்தது.

‘டிகிரி வேண்டாம், தொழில் போதும்’ என்ற அறிவுரை எப்போதும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் சொல்லப்படுகிறது. அதைச் சொல்கிறவர் தன் பிள்ளையைப் பொத்தேரியிலோ கிண்டியிலோ இருக்கும் கல்லூரிக்குத்தான் அனுப்புகிறார். அதனால்தான் அந்த அறிவுரையை நான் நம்புவதில்லை.

மாமல்லபுரத்திலேயே இதற்கு நல்ல விடை இருக்கிறது. 1957-ல் அரசு இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் வளர்ந்து, இன்று அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்தின் வீடுகளுக்குள் இருந்த கலை, அரசுக் கல்லூரி என்பதால் இடஒதுக்கீட்டோடு எல்லோருக்கும் திறந்தது. இங்கே உளி பிடிக்கவும் கற்கிறார்கள், அளவும் கற்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம், அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு அங்குலம். நவதாலச் சிலை என்றால் 108 அங்குலம். பட்டறையில் கைப்பழக்கமாக வரும் இந்தக் கணக்கு கல்லூரியில் வரைபடமாகிறது. வரைபடம் போடவும், மதிப்பீடு எழுதவும், வெளிநாட்டில் கோயில் கட்டுகிறவரோடு ஒப்பந்தம் பேசவும் தெரிந்தவர் ஸ்தபதியாக நிற்கிறார். தெரியாதவர், எத்தனை அற்புதமான கை இருந்தாலும், தினக்கூலியாகவே நிற்கிறார். உளியை எடுத்துப்போட்டுவிட்டுப் பட்டம் வாங்கச் சொல்லவில்லை. உளியோடு பட்டமும் சேர்ந்தால் கூலி முதலாளியாகிறார் என்பதை இந்த ஊரில் கண்ணால் பார்க்கலாம்.

[பெட்டி]
கணிதப் பட்டதாரி செதுக்கிய வள்ளுவர்

வை.கணபதி ஸ்தபதி சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடியில் கணிதத்தில் பட்டம் பெற்றார். மாமல்லபுரம் கல்லூரிக்குத் தந்தை வைத்தியநாத ஸ்தபதிக்குப் பிறகு முதல்வராகிப் பல ஆண்டுகள் நடத்தினார். சென்னை வள்ளுவர் கோட்டமும், 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி உயரக் கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையும் அவர் வடிவமைத்தவை. ஹவாய்த் தீவில் எழுந்த இறைவன் கோயிலும் அவர் கைவண்ணம். 2009-ல் பத்மபூஷண் பெற்றார்.
[பெட்டி முடிந்தது]

பட்டமே இல்லாத அறிவுக்கு இந்தக் கடற்கரையில் இன்னொரு சாட்சி உண்டு. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்க நாகம், கண்ணாடிவிரியன் விஷம் போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அந்த விருதால் இருளர் குடியிருப்பில் எல்லாம் மாறிவிடவில்லை. பிள்ளை பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நாட்டையே காப்பாற்றும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. அந்த அறிவுக்கு விலை வைப்பது மட்டும் எப்போதும் வேறு யாரோ. இதை மாற்ற அவர்கள் வீட்டிலிருந்தும் பட்டதாரிகள் வர வேண்டும்.

பெண்ணுக்குப் பட்டம் என்றால்...

சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு. செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரிக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களில் எத்தனையோ பேர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 18 வயதில் நடக்க இருந்த கல்யாணம் ‘படிப்பு முடியட்டும்’ என்ற ஒரே வார்த்தையில் மூன்று வருடம் தள்ளிப்போகிறது. அந்த மூன்று வருடத்தில் பேங்க் கணக்கும், தனியாகப் பஸ் ஏறும் தைரியமும், எதிர்த்துக் கேள்வி கேட்கும் குரலும் வந்துவிடுகின்றன. இதற்கு மாதச் சம்பளத்தில் அளவு இல்லை.

வேலை என்று வரும்போது அவளும் அதே நோட்டீஸின் முன்னால்தான் நிற்கிறாள். பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில், வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியை 2024-ல் அரசு திறந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் எவ்வளவு பெண்களை எதிர்பார்க்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அங்கே பட்டம் படித்தவரும் பிளஸ் டூ படித்தவரும் ஒரே மேஜையில் ஒரே பாகத்தைப் பொருத்துகிறார்கள். கல்யாணமானதும் வேலை விட்டுப்போகிறது. அந்தப் பட்டத்தைக் கொண்டு சூப்பர்வைசராக, குவாலிட்டி இன்ஸ்பெக்டராக, மனிதவள அலுவலராக அவளை உயர்த்தும் ஏணியைக் கம்பெனிகள் போட்டுக்கொடுக்கவில்லை. இது கம்பெனிகளின் குற்றம், பட்டத்தின் குற்றம் ஆகாது.

ஃபீஸ் கட்டும் முன்...

என் தீர்ப்பு இதுதான். பட்டம் இன்னமும் உதவுகிறது. ஆனால் தாமதமாக உதவுகிறது. எல்லாப் பட்டமும் உதவுவதில்லை. தனியாக நின்று உதவுவதே இல்லை. அந்தத் தாமதத்தின் செலவு முழுவதையும் இன்று குடும்பங்களே சுமக்கின்றன. பட்டம் விற்ற கல்லூரியும், பட்டதாரியைப் பத்தாவது படித்தவர் சம்பளத்துக்கு எடுக்கும் கம்பெனியும் எந்தச் செலவையும் ஏற்பதில்லை.

அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஒரே இளைஞரைக் கம்பெனி கம்பெனியாக டிரெய்னி என்ற பெயரில் சுற்ற விடுவதை நிறுத்தி, பயிற்சிக்குப் பிறகு எத்தனை பேரை நிரந்தரமாக்கினார்கள் என்று ஒவ்வொரு கம்பெனியும் வெளியிட வேண்டும் என்று ஆணையிடலாம். சலுகை விலையில் நிலமும் மின்சாரமும் வாங்கும் நிறுவனங்களிடம் இதைக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியது நல்ல காரியம். அந்த எந்திரங்களில் பக்கத்து ஊர் கலைக் கல்லூரி மாணவர்களும் ஒரு செமஸ்டர் கைவைக்க ஏற்பாடு செய்யலாம்.

[பெட்டி]
கல்லூரியைச் சோதிக்க...

● தேசியத் தரவரிசைக்கு (என்.ஐ.ஆர்.எஃப்.) விண்ணப்பிக்கும் கல்லூரி, தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுத்தரச் சம்பளம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். பேனரில் போடும் ‘உச்சபட்ச பேக்கேஜை’ நம்பாமல் அந்த நடுத்தரச் சம்பளத்தைப் பாருங்கள்.
● பொறியியல் என்றால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியலில் அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.
● கடைசி வருட மாணவர்கள் எந்தக் கம்பெனியில், எத்தனை மாதம், உதவித்தொகையோடு பயிற்சிக்குப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.
[பெட்டி முடிந்தது]

அடுத்த கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போடும் பெற்றோரே, உங்கள் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். யார் என்ன சொன்னாலும் அனுப்புங்கள். நகையை அடகு வைப்பதற்கு முந்தைய நாள் அந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். சென்ற வருடம் வேலை கிடைத்தவர்களின் பட்டியலைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.